கரண்டிக் கணக்கும் கூலிக் கணக்கும்

பிறந்த குழந்தைக்கு டப்பாப் பால் எத்தனை கரண்டி போட வேண்டும்? ஒரு நாளைக்கு எத்தனை வேளை கொடுக்க வேண்டும்?

பழனி மலையில் பேத்துப்பாறை போன்ற ஊர்களுக்குச் சங்க வேலையாகச் செல்லும் தோழர்களிடம் தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. கூலி, பட்டா, பாதை, யானைத் தொல்லை என்று எல்லாம் பேசி முடித்துக் கூட்டம் கலையும் நேரத்தில், கைக்குழந்தைக்காரி ஒருத்தி மெதுவாக இதைக் கேட்கிறாள். காப்பித் தோட்டத்தில் பழமெடுக்க மறுபடியும் போயாக வேண்டும். குழந்தைக்கு இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதனால்தான் கேட்கிறாள்.

“இது பெண்கள் சமாசாரம், டாக்டரைப் போய்க் கேளம்மா” என்று தட்டிக் கழிக்க உழைப்பாளிகளின் பத்திரிகைக்கு உரிமையில்லை. அவள் கேட்டதற்கு முதலில் நேரான பதில் சொல்ல வேண்டும். பிறகு, இந்தக் கேள்வியைக் கேட்கும் நிலைக்கு அவளைத் தள்ளியது யார் என்றும் சொல்ல வேண்டும்.

நேரான பதில்

குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர்கூட வேண்டியதில்லை. சேனை, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால் எதுவும் கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட்டுவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் சில கரண்டிதான் சுரக்கும். அந்தச் சின்ன வயிற்றுக்கு அதுவே நிறைவு. நோயை எதிர்க்கும் சக்தியும் அதில்தான் இருக்கிறது.

ஆனால் தாய்ப்பால் கிடைக்கவே வழியில்லாத குழந்தைகளும் உண்டு. தாய் இறந்திருக்கலாம், பால் கொடுக்கக் கூடாத மருந்தை அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம், குழந்தைக்கே பிறவிக் கோளாறு இருக்கலாம். அத்தகைய குழந்தைக்கு, அதன் நோய்க்கு ஏற்றதென்று டாக்டர் சொல்லும் பால்மாவு உயிர் காக்கும் பொருள். அதற்குரிய பொதுக் கணக்கு இதுதான்:

முதல் நாள், குழந்தையின் எடையில் கிலோவுக்கு 60 மில்லி. அடுத்தடுத்த நாள் கிலோவுக்கு 20 மில்லி வீதம் கூட்டிக்கொண்டே போய், முதல் வார முடிவுக்குள் கிலோவுக்கு 150 மில்லி என்ற அளவுக்கு வர வேண்டும். இந்த மொத்தத்தை இரவும் பகலுமாக 8 வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 3 கிலோ குழந்தையானால் முதல் நாள் வேளைக்கு 20 மில்லிக்குச் சற்று மேல்; வார முடிவில் நாளுக்கு 450 மில்லி, அதாவது வேளைக்கு ஏறத்தாழ 55 மில்லி. எடை கூடக் கூட அளவும் கூடும். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிட வேண்டும், திணிக்கக் கூடாது. எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு ஆஸ்பத்திரியில் சொல்வதே கணக்கு.

பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்று போட்டிருக்கும். டப்பாவோடு வந்த கரண்டியால், தலை தட்டி, அதே அளவு போட வேண்டும். முதலில் தண்ணீர், பிறகுதான் மாவு. கூடப் போட்டால் குழந்தையின் உடம்பில் நீர் வற்றும். குறைத்துப் போட்டால் குழந்தை வற்றும். 60 மில்லி கலந்து குழந்தை 55 மில்லிதான் குடித்தது என்றால், மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காமல் கொட்டிவிட வேண்டும்.

பால்மாவு கிருமியற்ற பொருளல்ல. ஆகவே தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, அரை மணி நேரத்துக்குள், நல்ல சூடு இருக்கும்போதே மாவைக் கலந்து, பிறகு ஆற்றிக் கொடுக்க வேண்டும். மலையில் தண்ணீர் சமவெளியைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். எனவே இரண்டு மூன்று நிமிஷம் கூடுதலாகக் கொதிக்கட்டும். புட்டியையும் ரப்பரையும் சுத்தம் செய்வது கடினம். நம் வீடுகளில் உள்ள பாலாடையோ, வாயகன்ற சிறு கிண்ணமோ போதும். அதையும் ஒவ்வொரு வேளையும் கழுவிக் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும்.

கூட்டிப் பார்த்தால்

பதில் சொல்லிவிட்டோம். இப்போது இந்தப் பதில் ஒரு கூலிக்காரக் குடும்பத்துக்கு எட்டுமா என்று பார்ப்போம்.

நாளுக்கு 450 மில்லி என்றால் ஏறத்தாழ 60 கிராம் மாவு. 400 கிராம் பெட்டி ஒரு வாரம் தாங்காது. மூன்றாம் மாதத்தில் குழந்தை 6 கிலோ ஆகும்போது நாளுக்கு 900 மில்லி வேண்டும். அதே பெட்டி மூன்று நாளைத் தாண்டாது. ஆறு மாதத்துக்கு மொத்தம் சுமார் 20 கிலோ மாவு, அதாவது 50 பெட்டி. ஒரு பெட்டி 400 ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பது அரிது. அந்தக் குறைந்த விலையையே வைத்துக்கொண்டாலும் 20,000 ரூபாய்.

2025-26ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். ஒரு நாள் முழுக்க வேலை செய்தாலும் ஒரு பெட்டி வாங்க முடியாது. ஆறு மாதப் பால்மாவுக்கு அறுபது நாள் கூலி போய்விடும். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழ்நாட்டு சர்க்கார் நடத்தும் மகப்பேறு உதவித் திட்டத்தில் 2018ல் உயர்த்தப்பட்ட மொத்தத் தொகை, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து, 18,000 ரூபாய்தான். பெட்டகங்களையும் பணமாகக் கணக்கிட்டு, தாய்க்குக் கொடுத்த உதவி முழுவதையும் டப்பாக் கம்பெனிக்குக் கொட்டிக் கொடுத்தாலும் 2,000 ரூபாய் கடன் நிற்கும்!

இதோடு விறகுச் செலவு வேறு. நாளுக்கு எட்டு முறை தண்ணீர் காய்ச்ச வேண்டும். எட்டு முறை பாத்திரத்தைக் கொதிக்கவைக்க வேண்டும். மழைக் காலத்தில் ஈர விறகோடு போராடும் வீட்டில், வேலைக்குப் போன தாய்க்குப் பதிலாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஏழெட்டு வயது அக்காள் என்றால் இது நடக்கிற காரியமா?

நடப்பது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பெட்டி தீரத் தீரக் கரண்டி குறைகிறது. நாலு கரண்டி போட வேண்டிய தண்ணீருக்கு இரண்டு கரண்டி போடுகிறார்கள். வயிறு தண்ணீரால் நிரம்பிக் குழந்தை அழுகையை நிறுத்துகிறது. ஆனால் வளர்ச்சியும் நின்றுவிடுகிறது. காய்ச்சாத தண்ணீர் சேர்ந்துவிட்டால் வயிற்றுப்போக்கு. மாவு கட்டுப்படியாகாமல் பசும்பாலில் பாதித் தண்ணீர் கலந்து கொடுத்தால், அது பச்சைக் குழந்தைக்கு ஏற்ற உணவே அல்ல. இதையெல்லாம் பார்த்து “படிக்காத ஜனங்கள், அளவு தெரியவில்லை” என்று உபதேசம் செய்யும் கனவான்கள் உண்டு. அளவு டப்பாவின் மேல் எழுதியிருக்கிறது. அதை வாங்கும் காசுதான் அவள் மடியில் இல்லை.

“பால் பத்தவில்லை”

தமிழ்நாட்டில் பிரசவங்கள் ஏறத்தாழ எல்லாமே ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 99.6 சதவிகிதம். பல்லாண்டுகளாகக் கிராம சுகாதார செவிலியர்கள் மலையேறியும் வயல் வரப்பில் நடந்தும் செய்த உழைப்பின் பலன் இது. ஆனால் அதே ஆய்வில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவை தமிழ்நாட்டில் 55.1 சதவிகிதம், அகில இந்திய அளவில் 63.7 சதவிகிதம். ஆஸ்பத்திரிப் பிரசவத்தில் முன்னே நிற்கும் மாநிலம் தாய்ப்பாலில் பின்னே நிற்பது ஏன்?

தமிழ்நாட்டுத் தாய்மார்களின் மார்பு வற்றிப் போய்விடவில்லை. பிரசவங்களில் 44.9 சதவிகிதம் ஆபரேஷன் பிரசவம் என்கிறது அதே ஆய்வு. தனியார் ஆஸ்பத்திரிகளில் 60 சதவிகிதத்துக்கும் மேல். வயிற்றைக் கீறிய வலியோடு படுத்திருப்பவளுக்குப் பிள்ளையை மார்பில் அணைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் டப்பா நுழைகிறது. முதல் நாலு நாளில் குழந்தையின் எடை கொஞ்சம் குறைவது இயற்கை. அதைக் கண்டு வீட்டார் பயப்படும் நேரத்தில் “பால் பத்தவில்லை, பவுடர் வாங்கி வாருங்கள்” என்று ஒரு சீட்டு வருகிறது.

பால் சுரப்பது குழந்தை சப்புவதால்தான். சப்பச் சப்பச் சுரக்கும்; சப்பாவிட்டால் வற்றும். ஒரு வேளை புட்டி கொடுத்தால் அந்த வேளை மார்பில் சப்புவது நின்றது. சுரப்பது குறைந்தது; அடுத்த நாள் இரண்டு வேளை புட்டி. பத்து நாளில் “பால் பத்தவில்லை” என்ற பொய் மெய்யாகிவிடுகிறது! பால் போதுகிறதா என்று அறிய வீட்டிலேயே வழி உண்டு. ஐந்தாறு நாளைக்குப் பிறகு குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் சரியானால் பால் போதுகிறது. இல்லையென்றால் உடனே செவிலியரிடம் காட்டுங்கள்.

வியாபாரத்தின் சரித்திரம்

1939ல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் “பாலும் கொலையும்” என்ற தலைப்பில் பேசினார். ஏழைத் தாய்மாரின் கையில் டப்பாப் பாலைத் திணித்துக் குழந்தைகளைச் சாகடிக்கும் விளம்பரத்தை அன்றே பகிரங்கமாகக் கண்டித்தார். 1974ல் பிரிட்டனில் வெளிவந்த “குழந்தைக் கொலையாளி” என்ற பிரசுரம் ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த இந்த வியாபாரத்தை அம்பலப்படுத்தியது. 1977ல் அமெரிக்காவில் நெஸ்லே கம்பெனிப் பொருள்களைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் தொடங்கியது.

இந்தக் கிளர்ச்சியின் விளைவாக 1981 மே மாதம் உலக சுகாதார சபை, தாய்ப்பாலுக்கு மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கு ஒரு நெறிமுறை வகுத்தது. ஆதரவாக 118 நாடுகள் வாக்களித்தன. எதிராக ஒரே ஒரு நாடு. எந்த நாடு? அமெரிக்கா! குழந்தைகளின் பக்கம் உலகம் நின்றபோது, டாலரின் பக்கம் தன்னந்தனியாக நின்ற பெருமை அந்த சர்க்காருக்கே உரியது.

லாப வேட்டை அதோடு நின்றதா? பால்மாவு வியாபாரம் ஆண்டுக்கு சுமார் 5,500 கோடி டாலர் என்று மருத்துவ ஏடான லான்செட் 2023ல் வெளியிட்ட கட்டுரைத் தொடர் கணக்கிட்டது. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ என்ற ஸ்தாபனம் இன்னொரு அநியாயத்தை வெளிப்படுத்தியது. நெஸ்லே கம்பெனி இந்தியாவில் விற்ற ஆறு மாதக் குழந்தைகளுக்கான செரலாக் மாவில் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் விற்ற அதே வகை மாவில் சேர்க்கப்படவில்லை. வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஒரு நியாயம், நம் குழந்தைக்கு இன்னொரு நியாயம்!

பால்மாவையே நாம் எதிர்க்கவில்லை. எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்ய முடியாது என்று அந்நியக் கம்பெனிகள் சாதித்த காலத்தில், மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் செய்து காட்டினார்கள்; ஆனந்தில் விவசாயிகளின் கூட்டுறவு அதை உற்பத்தி செய்தது. தேவைப்படும் குழந்தைக்கு மருந்துபோலக் கிடைக்க வேண்டிய பொருளை, தேவைப்படாத குழந்தையின் வாயிலும் லாபத்துக்காகத் திணிப்பதையே எதிர்க்கிறோம்.

சட்டம் எங்கே?

சட்டம் இல்லாமல் இல்லை. குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், புட்டிகள், குழந்தை உணவுகள் பற்றிய சட்டம் 1992ல் இயற்றப்பட்டது. 2003ல் மேலும் கடுமையாக்கப்பட்டது. விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, டப்பாவில் குழந்தைப் படம் கூடாது, ஆஸ்பத்திரி ஊழியருக்குப் பரிசோ, டாக்டர் மகாநாட்டுக்குப் பணமோ கொடுக்கக் கூடாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதினார்கள். கோடிக் கணக்கில் புரளும் கம்பெனிக்கு 5,000 ரூபாய் அபராதம்! பேத்துப்பாறையில் ஒரு குடும்பம் இரண்டு மாதத்தில் பால்மாவுக்குக் கொடுக்கும் தொகை அது.

பிரசவ விடுப்பு யாருக்கு?

டப்பா வருவதற்கு ஆஸ்பத்திரி ஒரு வாசல் என்றால், தோட்டத்தின் கேட்டு இன்னொரு வாசல்.

1917 புரட்சியை அடுத்துச் சோவியத் ஆட்சி பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக 16 வாரம் ஊதியத்துடன் ஓய்வு கொடுத்தது. 1919ல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் ஒப்பந்தம் 12 வார ஓய்வையும், பாலூட்ட நாளுக்கு இரண்டு அரைமணி இடைவேளையையும் வகுத்தது. சென்னை மாகாணத்தில் 1934லும், இந்தியா முழுமைக்கும் 1961லும் மகப்பேறு சட்டம் வந்தது. 2017ல் விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் கரைத்துவிட்டார்கள். 26 வாரம் என்ற எழுத்து மட்டும் அதில் நிற்கிறது. தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு சலுகை உண்டு என்று டில்லி மாநகராட்சி வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2000லேயே தீர்ப்புச் சொன்னது.

தமிழ்நாட்டு அரசு ஊழியரான தாய்க்கு 2021 முதல் 12 மாத விடுப்பு. நல்ல காரியம், ஊழியர்கள் சங்கம் கண்டு போராடிப் பெற்ற உரிமைகளின் வரிசையில் வந்தது. ஆனால் மலைச் சரிவில் சிறு தோட்டங்களில் காப்பிப் பழமும் மிளகும் பறிக்கும் தாய்க்கு எத்தனை நாள்? பூஜ்யம்! அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம், நடுவில் ஒரு மேஸ்திரி. “உனக்கு நான் முதலாளியே அல்ல” என்று ஒவ்வொருவரும் கை விரிக்கிறார்கள். 50 பேர் வேலை செய்தால்தான் குழந்தைக் காப்பகம் என்று சட்டம் சொல்லும்; 15 பேரை வைத்திருப்பவருக்குக் கவலையில்லை. அங்கன்வாடியில் விடலாமென்றால் 2 வயதாக வேண்டும். பளியர் குடியிருப்புத் தாய்மாரின் கதி இதைவிடக் கேவலம். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் வேலைக்குப் போகாத நாளெல்லாம் பட்டினி நாள்.

அவள் நாற்பதாம் நாள் கூடையைத் தூக்குகிறாள். மார்பில் பால் கட்டி வலிக்கிறது, சேலை நனைகிறது, குழந்தை வீட்டில் டப்பாப் பாலுக்கு அழுகிறது. இதற்குப் பெயர் தாயின் அலட்சியமா, முதலாளித்துவத்தின் கொடுமையா?

செய்ய வேண்டியவை

தாய்மார்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. வேலைக்குப் போவதால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமென்பதில்லை. புறப்படும் முன் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் மூடிக் குளிர்ந்த நிழலில் வைத்தால் நாலு மணி நேரம் கெடாது. அதைப் பாலாடையால் கொடுக்கலாம். திரும்பியதும், இரவிலும் மார்பில் விடுங்கள், சுரப்பு நிற்காது. வேறு வழியின்றிப் பால்மாவு கொடுக்கும் தாய் யார் முன்னாலும் தலை குனிய வேண்டியதில்லை. சரியான அளவில், சுத்தமாகக் கொடுங்கள். கரண்டியை மட்டும் குறைக்காதீர்கள்.

ஆனால் தனித்தனி வீட்டில் தீர்கிற விஷயமல்ல இது. சர்க்காரை நோக்கி நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

பதிவேட்டில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தினக்கூலித் தாய் ஒவ்வொருத்திக்கும் 26 வாரத்துக்குக் குறைந்தபட்சக் கூலியைச் சர்க்கார் கொடுத்து, அதைத் தோட்ட முதலாளிகளிடமும் வியாபாரிகளிடமும் வரியாக வசூலிக்க வேண்டும்.

மலைக் கிராமங்களில் சிறு தோட்டங்கள் பலவற்றுக்கும் பொதுவாக, கைக்குழந்தைகளுக்கான காப்பகம் சர்க்கார் செலவில் திறக்க வேண்டும். தாய் வந்து பாலூட்டிப் போகக் கூலி வெட்டில்லாத இடைவேளை வேண்டும்.

தாய்ப்பாலுக்கு வழியில்லாத குழந்தைக்குத் தாய்ப்பால் வங்கியிலிருந்தோ, டாக்டரின் சீட்டின்பேரில் பால்மாவாகவோ அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்க வேண்டும். 20,000 ரூபாய் இல்லாததால் ஒரு குழந்தையும் வாடக் கூடாது.

பிரசவ வார்டுகளில் பாலூட்ட உதவும் செவிலியர்களைப் போதிய அளவில், நிரந்தர ஊழியராக நியமிக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறும் கம்பெனிகள்மீது வழக்குத் தொடர வேண்டும். அபராதத்தை அவற்றின் விற்பனைக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

நமது சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. தோட்டத் தொழிலாளர் சங்கமும், விவசாயத் தொழிலாளர் சங்கமும், மாதர் சங்கமும் கூலிக் கோரிக்கை எழுதும் தாளிலேயே பாலூட்டும் இடைவேளையையும் எழுத வேண்டும். பெண்கள் கடைசியில் மெதுவாகக் கேட்ட கேள்வி, கூட்டத்தின் முதல் தீர்மானமாக வர வேண்டும்.

எத்தனை கரண்டி என்று கேட்டார்கள், சொன்னோம். அந்தக் கரண்டியை நிரப்பும் கூலியும், கரண்டியே தேவைப்படாமல் பிள்ளைக்குப் பாலூட்டும் ஓய்வும் உழைக்கும் தாயின் உரிமை. பேத்துப்பாறையிலிருந்து கோட்டை வரை அந்தக் கோரிக்கை ஒலிக்கட்டும்!